சித்திரகுப்தன் என்னும் கிராணி

பிறையைச் சுற்றிலும் தோட்டங்கள் இருந்த காலத்தில், திடலில் வெள்ளைத் துணி கட்டிப் படம் காட்டுவார்கள். யமலோகக் காட்சி வந்துவிட்டால் சிரிப்புக்குப் பஞ்சமில்லை. எதைப் பார்த்து அந்தச் சிரிப்பு? யமனின் மீசையைப் பார்த்து அல்ல. பக்கத்தில் பேரேட்டைப் புரட்டும் சித்திரகுப்தனைப் பார்த்து எனலாம். விடியற்காலைப் பெரட்டில் செக்ரோலோடு நிற்கும் கிராணியை யாருக்குத்தான் தெரியாது?

பழைய புராணப் படங்களில் யமன் கணக்குப் பிசகுவதே கிடையாது. எம்.எஸ். நாரதராக வந்து பாடிய 'சாவித்திரி'யில் (1941), கணவனின் உயிரை வாதாடித்தான் மீட்க வேண்டியிருந்தது. 1960-இல் சி. புல்லையா இயக்கத்தில் தங்கவேலு நடித்த 'நான் கண்ட சொர்க்கம்' வந்தபோது மேலுலகமே கேலிக்குரிய இடமாயிற்று. அதே ஆண்டில் என்.டி. ராமராவ் நடித்துத் தெலுங்கிலும் அது வந்தது. இரண்டுக்கும் மூலம், 'யமலோகத்தில் உயிருள்ள மனிதன்' என்று பொருள்படும் தலைப்புடைய 1958-ஆம் ஆண்டு வங்காளப் படம்.

அந்தக் கதைக்குச் சொந்தக்காரர் தீனபந்து மித்ரா. தபால் இலாகா அதிகாரி. அவுரித் தோட்டத் துரைமார்களின் கொடுமையை 'நீல் தர்ப்பண்' நாடகமாக 1860-இல் எழுதியவரும் அவரே. அதன் ஆங்கில மொழிபெயர்ப்பை வெளியிட்ட பாதிரியார் ஜேம்ஸ் லாங், 1861-இல் ஒரு மாதம் சிறையிருந்தார்! தோட்டத்துத் துன்பத்தை எழுதிய கைதான் யமலோகக் கேலியையும் எழுதியது. தோட்டத் திடலில் சிரித்தவர்களுக்கு இது தெரிந்திருக்க வாய்ப்பில்லை.

ஹாலிவுட்டும் இந்த விளையாட்டை ஆடியிருக்கிறது. எம்.ஜி.எம். நிறுவனத்தின் 'தி டெவில்ஸ் காபரே' (1930) என்ற வண்ணக் குறும்படம் முழுக்க ஆட்டமும் பாட்டும்தான். நரகத்துக்கு ஆள் வரத்துக் குறைகிறது என்று அதில் சாத்தானுக்குக் கவலை. அங்கே நரகம் ஒரு கம்பெனி. நம் படங்களிலோ அது ஆபீஸ். அதுவும் அரசாங்க ஆபீஸ்!

ஆபீஸ் என்றால் வேலைநிறுத்தம் வராதா? தெலுங்கு 'யமகோலா'வில் (1977) யமகிங்கரர்களையே கதாநாயகன் சங்கம் சேர்க்கத் தூண்டினான். அது தமிழில் சிவாஜி நடித்த 'யமனுக்கு யமன்' (1980) ஆயிற்று. ரஜினியின் 'அதிசயப் பிறவி'யில் (1990) இன்னும் பெரிய குளறுபடி. ஆயுள் முடியாதவனின் உயிரைப் பறித்துவிடுகிறார்கள். பிழை தெரிந்து திரும்பி வந்தால் உடலை எரித்தாகிவிட்டது!

தோட்டத்தில் இந்தப் பிழை வேடிக்கையாக முடிந்ததில்லை. செக்ரோலில் பெயர் விடுபட்டால் ஒருநாள் கூலி போச்சு. பிறப்பையே பதியாமல் விட்டிருந்தால்? இந்த மண்ணிலேயே பிறந்தும் சிவப்பு அடையாள அட்டையோடு முதுமையடைந்தவர்கள் உண்டு. படத்தில் யமலோகத்தார் பிழையை ஒப்புக்கொண்டு மாற்று உடல் ஒன்றைத் தேடித் தருகிறார்கள். இங்கேயோ, பிறந்ததற்குச் சாட்சி சொல்ல மருத்துவச்சியும் அண்டை வீட்டாரும் உயிரோடு இருந்தாக வேண்டும்.