மருந்துக்கு எப்படி ஆள் தெரிகிறது?

ஆன்டிபயாட்டிக் ரத்தத்தோடு உடம்பு முழுக்கச் சுற்றுகிறது. ஆனால் பாக்டீரியாவைச் சாய்த்துவிட்டு நம் செல்களைப் பெரும்பாலும் விட்டுவிடுகிறது. மருந்துக்குக் கண்ணா இருக்கிறது? இரண்டு செல்களுக்கும் உள்ளமைப்பு வேறு, சூட்சுமம் அங்கேதான்.

நம் குடலில் வாழும் ஈ.கோலை பாக்டீரியாவின் நீளம் சுமார் 2 மைக்ரான். ஒரு மில்லிமீட்டரில் 500 பேரை வரிசையாகப் படுக்க வைத்துவிடலாம். நீட்டினால் ஒன்றரை மில்லிமீட்டருக்கு மேல் வரும் அதன் வளைய டிஎன்ஏ, உறை எதுவும் இல்லாமல் நடுவில் சுருண்டு கிடக்கிறது. இப்படி உட்கரு இல்லாதது புரோகேரியோட் செல். உறை இல்லாததில் ஒரு வசதி உண்டு. டிஎன்ஏவிலிருந்து ஆர்என்ஏ நகல் எடுத்து முடிவதற்குள்ளேயே, புரதம் செய்யும் ரைபோசோம்கள் அதன் முனையைப் பிடித்து வேலையைத் தொடங்கிவிடும். சரியான அவசரக்காரர்! நல்ல சத்து கிடைத்தால் 20 நிமிடத்தில் ஒன்று இரண்டாகிவிடும்.

நம்முடையது யூகேரியோட் செல், நிதானமான ஆள். சுமார் 2 மீட்டர் டிஎன்ஏவைச் சில மைக்ரான் அகலமுள்ள உட்கருவுக்குள் சுற்றி வைத்திருக்கிறது. ஆர்என்ஏ நகலை வெட்டி ஒட்டிச் சரிசெய்து, உட்கரு உறையின் துளை வழியே வெளியே அனுப்பிய பிறகே ரைபோசோம் அதைத் தொடும்.

மருந்துகள் குறிவைப்பது இப்படிப்பட்ட வேறுபாடுகளைத்தான். பெனிசிலின் பாக்டீரியாவின் செல் சுவரைக் கட்டவிடாது. உள்ளழுத்தம் தாங்காமல் செல் வெடித்துவிடும். நம் செல்லுக்குச் சுவரே இல்லை, கவலையில்லை.

ஸ்ட்ரெப்டோமைசின் செய்வது இன்னும் நுட்பமான வேலை. ரைபோசோம் இருதரப்புக்கும் உண்டு, ஆனால் அமைப்பில் வேறுபாடு இருக்கிறது. பாக்டீரிய ரைபோசோமின் சிறிய பாதியில் இந்த மருந்து ஒட்டிக்கொண்டு, மரபுக் குறியீட்டைத் தப்பாகப் படிக்க வைக்கிறது. கோணல்மாணலான புரதங்கள் குவிகின்றன. அது ஒட்டும் இடத்தை அணு அளவில் 2000-இல் காட்டியது, சிதம்பரத்தில் பிறந்த வெங்கி ராமகிருஷ்ணனின் கேம்பிரிட்ஜ் குழு. வெந்நீர் ஊற்றில் வாழும் ஒரு பாக்டீரியாவின் ரைபோசோம் பாதியைப் படிகமாக்கி, எக்ஸ்ரே பாய்ச்சிப் பார்த்தார்கள். ரைபோசோம் ஆய்வுக்காக 2009-இல் வேதியியல் நோபல் பரிசு அவரோடு சேர்த்து மூவருக்குக் கிடைத்தது.

இவ்வளவு கச்சிதமான கணக்கிலும் ஓர் ஓட்டை இருக்கிறது: மைட்டோகாண்ட்ரியா. நம் செல்லுக்கு ஆற்றல் தரும் இந்த உறுப்பு, ஒரு காலத்தில் தனியாகத் திரிந்த பாக்டீரியா என்று 1967-இல் லின் மார்குலிஸ் எழுதினார். பல இதழ்கள் திருப்பி அனுப்பிய கட்டுரை அது. பின்னால் டிஎன்ஏ ஆய்வுகள் அவர் பக்கமே சாட்சி சொல்லின. மைட்டோகாண்ட்ரியாவுக்கு இன்றும் சொந்த டிஎன்ஏ உண்டு: 16,569 எழுத்துகள், வளைய வடிவில். பாக்டீரிய வழிவந்த ரைபோசோமும் தனியாக உண்டு.

அந்த டிஎன்ஏவில் 1,555-ஆம் எழுத்து மாறிப் பிறந்தவர்களின் மைட்டோகாண்ட்ரிய ரைபோசோம், இன்னும் அதிகமாகப் பாக்டீரியாவுடையதைப் போலிருக்கும். ஸ்ட்ரெப்டோமைசின், ஜென்டாமைசின் வகை மருந்துகள் இங்கே ஆள் மாறிப்போகின்றன. உள்காதின் செல்கள் செத்து, கேட்கும் திறன் நிரந்தரமாகப் போய்விடலாம். மைட்டோகாண்ட்ரியா தாயிடமிருந்தே வருவதால் இந்த மாற்றமும் தாய்வழியில் இறங்குகிறது. அம்மா வழி உறவில் யாருக்காவது இவ்வகை மருந்தை ஊசியாகப் போட்ட பிறகு காது மந்தமாகியிருந்தால், அடுத்த முறை ஊசிக்குக் கை நீட்டும் முன் டாக்டரிடம் அதைச் சொல்லிவிடுங்கள்.