பூந்தொட்டியில் பறக்கும் பூச்சி

ஜொகூர் பாரு அடுக்குமாடி வீடுகளில் மணி பிளான்ட்டும் கெலாடிச் செடியும் இல்லாத வரவேற்பறை குறைவு. 2020 மார்ச் 18-இல் தொடங்கிய கோவிட் நடமாட்டக் கட்டுப்பாட்டுக் காலத்தில் இந்த ஆசை இன்னும் பெருகியது. கூடவே ஒரு கறுப்புப் பூச்சியும் குடியேறியது. தண்ணீர் ஊற்றினால் மண்ணிலிருந்து எழும்பும், தேநீரில் விழும், மூக்கருகே சுற்றும்.

கொசு என்று நினைத்துப் பலர் மருந்து அடிக்கிறார்கள். இது பூஞ்சை ஈ, கடிக்காது. 2 முதல் 4 மில்லிமீட்டர்தான் இருக்கும், ஏறக்குறைய ஒரு வாரம்தான் வாழும். ஆனால் அதற்குள் ஈர மண்ணில் நூற்றுக்கு மேல் முட்டை இட்டுவிடும். பறப்பதை மட்டும் கொன்று தீராது. மண்ணுக்குள் இருக்கும் புழுதான் உண்மையான ஆள்.

புழு இருக்கிறதா என்று அறிய, உருளைக்கிழங்குத் துண்டு ஒன்றை மண்ணில் பதித்து, இரண்டு நாள் கழித்துப் புரட்டிப் பாருங்கள். கறுத்துப் பளபளக்கும் தலையோடு, குடல் தோலினூடே தெரியும் வெள்ளைப் புழுக்கள் ஒட்டியிருக்கும். பூஞ்சையும் மக்கிய இலையும் இவற்றின் உணவு. இளவேரையும் விடாது; நாற்றுகள் சட்டென்று வாடுவது அதனால்தான்.

மேல்மண்ணை இரண்டு அங்குலம் காயவிட்டால் புழு பிழைக்காது. ஜொகூரில் அது லேசான காரியமல்ல. நவம்பர் முதல் மார்ச் வரை வடகிழக்குப் பருவக்காற்று. மற்ற மாதங்களிலும் காற்றில் ஈரம். தொட்டியில் உள்ள தென்னை நார்த்தூள் மேலே காய்ந்து தெரியும், உள்ளே நனைந்தே கிடக்கும். விரலை விட்டுப் பார்த்த பிறகே நீர் ஊற்ற வேண்டும்.

தட்டில் நீர் வைத்து அடியிலிருந்து உறிஞ்சவிடுவது நல்ல வழிதான். ஆனால் அந்த நீரைத் தேங்கவிட்டால் ஏடிஸ் கொசு வந்துவிடும். வீட்டில் கொசுப்புழு இருந்தால் 1975-ஆம் ஆண்டின் நோய் பரப்பும் பூச்சிகள் ஒழிப்புச் சட்டப்படி அபராதம் உண்டு. அரைமணி நேரத்தில் மிச்சத்தைக் கொட்டிவிடுவதே சரி.

ஈயின் புழு, கொசுப்புழு இரண்டுக்கும் ஒரே மருந்து இருப்பது நமக்கு வாய்த்த நல்லது. 1976-இல் இஸ்ரேலின் நெகேவ் பாலைவனத்தில் கண்டுபிடிக்கப்பட்ட பிடிஐ என்ற பாக்டீரியா, புழுவின் குடலைச் சிதைக்கும். மனிதருக்கும் பூனைக்கும் தீங்கில்லை. நீரில் கரைத்து மண்ணில் ஊற்றலாம். சில நாளில் வீரியம் குறைந்துவிடும், முட்டைகளோ ஒரே நாளில் பொரிப்பதில்லை. அதனால் வாரம் ஒருமுறையாக மூன்று நான்கு வாரம் ஊற்ற வேண்டும். ஒருமுறை ஊற்றிவிட்டு, மருந்து பலிக்கவில்லை என்று கைவிடுபவர்களே அதிகம்.

கூடவே மண்ணருகே மஞ்சள் நிறப் பசை அட்டை ஒன்றைச் செருகுங்கள். அதில் ஒட்டும் ஈக்கள் வாரத்துக்கு வாரம் குறைகின்றனவா என்று பார்த்தாலே நிலவரம் புரியும். நர்சரியிலிருந்து வரும் புதுச் செடியிலும் ஓர் அட்டை செருகி, அதில் ஈ ஒட்டுவது நிற்கும்வரை மற்றத் தொட்டிகளோடு சேர்க்க வேண்டாம்.