குறைந்தபட்சக் கூலி

நெய்வேலி என்றதும் மாணவர்க்கு நினைவு வருவன பழுப்பு நிலக்கரியும் மின்னாற்றலுமே. 1957ஆம் ஆண்டு மே 20ஆம் நாள் பிரதமர் நேரு அங்குச் சுரங்கப் பணியைத் தொடங்கி வைத்தார். அந்த வரலாற்றை நீங்கள் அறிவீர்கள். நான் இன்று பேச விரும்புவது நிலக்கரியைப் பற்றியன்று. அதற்காக உழைக்கும் கைகளின் கூலியைப் பற்றி.

நம் நாட்டில் 1948ஆம் ஆண்டு குறைந்தபட்சக் கூலிச் சட்டம் பிறந்தது. 2019இல் இயற்றப்பட்டு, 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த ஊதியச் சட்டத் தொகுப்பு அதன் இடத்தைப் பெற்றது. குறைந்தபட்சம் என்பது எவ்வளவு? 1957ஆம் ஆண்டு கூடிய பதினைந்தாவது இந்தியத் தொழிலாளர் மாநாடு அதற்கு ஓர் அளவுகோல் வகுத்தது. உழைப்பவரின் வருவாய், அவரையும் சேர்த்து மூன்று நுகர்வு அலகுகளைத் தாங்க வேண்டும், வளர்ந்தவர் ஒருவருக்கு நாளொன்றுக்கு 2,700 கலோரி உணவு, நால்வர் குடும்பத்திற்கு ஆண்டுக்கு 72 கெஜம் துணி, வீட்டு வாடகைக்கு ஒரு தொகை, எரிபொருள், விளக்கு முதலியவற்றிற்கு மொத்தக் கூலியில் நூற்றுக்கு 20 பங்கு. பிள்ளைகளின் கல்வி, மருத்துவம், முதுமை முதலியவற்றிற்காக மேலும் 25 பங்கு வேண்டும் என்று 1991இல் உச்ச நீதிமன்றம் கூறிற்று.

"கூலியை உயர்த்தினால் வேலை குறையுமே!" என்பது பழைய வாதம். கத்தரிக்காய் விலை ஏறினால் வாங்குவோர் குறைவர் அல்லவா? உழைப்பும் அப்படித்தானே என்பர். சந்தையில் வாங்குவோர் பலராயின் அவ்வாதம் பெரிதும் பொருந்தும். வாங்குவோர் ஒருவரோ சிலரோ ஆயின் கணக்கு மாறும்.

ஒரு கற்பனைக் கணக்கைப் பாருங்கள். ஒரு முதலாளி பத்துப் பேருக்கு நாளொன்றுக்கு 400 ரூபாய் வீதம் 4,000 ரூபாய் கொடுக்கிறார். பதினோராவது ஆள் 420 ரூபாய்க்குத்தான் வருவார். அவருக்குக் கொடுத்தால் எல்லோருக்கும் கொடுக்க வேண்டும்; மொத்தம் 4,620 ரூபாய் ஆகும். ஆகவே அந்த ஓர் ஆளால் ஏறும் செலவு 620 ரூபாய். அவருடைய உழைப்பின் பயன் 500 ரூபாயே என்றால், முதலாளி அவரை வேண்டாம் என்பார். இப்போது சட்டம் 420 ரூபாயைக் கீழ்வரம்பாக விதிக்கிறது என்க. பத்துப் பேருக்கும் அதனைக் கொடுத்தே தீர வேண்டும். பதினோராவது ஆளுக்கு ஆகும் புதுச்செலவு 420 ரூபாய் மட்டுமே. அவருக்கும் வேலை கிடைக்கும்! ஆயினும் வரம்பு 500ஐத் தாண்டினால் அந்த வேலை மீண்டும் போய்விடும். உயர்வு நன்மையா தீமையா என்பது அதன் அளவைப் பொறுத்தது.

இது ஏட்டுக் கணக்கு மட்டுமன்று. அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலத்தில் 1992இல் மணிக்கூலி 4.25 டாலரிலிருந்து 5.05 டாலராயிற்று. அங்குள்ள உணவகங்களை அண்டை மாநிலமான பென்சில்வேனியாவின் உணவகங்களோடு டேவிட் கார்டு, ஆலன் குரூகர் என்னும் அறிஞர்கள் ஒப்பிட்டனர். வேலை குறையக் காணவில்லை. கார்டு 2021இல் நோபல் பரிசு பெற்றார். இம்முடிவை மறுத்து எழுதியவர்களும் உண்டு.

மீண்டும் நெய்வேலிக்கு வருவோம். வட்டம் வட்டமாக அமைந்த அந்நகரியத்தில் நிரந்தரத் தொழிலாளரின் ஊதியம் தொழிற்சங்க உடன்படிக்கையால் அமைவது. சட்டத்தின் கீழ்வரம்பு பெரிதும் வேண்டப்படுவது ஒப்பந்தத் தொழிலாளர்க்கே. பெருந்தொழில் ஒன்றையே நம்பிய ஊரில் "இந்தக் கூலி போதாது, வேறிடம் போகிறேன்" என்று சொல்வது எளிதன்று. 2010, 2012 ஆகிய ஆண்டுகளில் அவர்கள் நெடுநாள் வேலைநிறுத்தம் செய்து, சம வேலைக்குச் சம ஊதியம் கேட்டதன் பொருள் இங்கே விளங்கும்.

மறுத்துச் சொல்லும் அந்த வலிமையைத் தருவதில் அரசின் நலத்திட்டங்களுக்கும் பங்கு உண்டு. 2006 பிப்ரவரி 2ஆம் நாள் ஊரக வேலை உறுதித் திட்டம் 200 மாவட்டங்களில் தொடங்கியபோது, நெய்வேலி அடங்கிய கடலூர் மாவட்டமும் அவற்றுள் ஒன்று. ஆண்டுக்கு 100 நாள் வேலை என்பது அன்று அதன் உறுதியாக இருந்தது. இத்திட்டம் முதலில் வந்த மாவட்டங்களில், வயல்வேலை குறைந்த பருவத்தில், தனியார் தரும் கூலியும் உயர்ந்ததை ஆய்வாளர் கண்டனர். பொதுவேலைக்குப் போக வழி இருந்ததால், குறைந்த கூலியைத் தொழிலாளர் மறுக்க முடிந்தது. 1982இல் விரிவாக்கப்பட்ட சத்துணவும், 2011 முதல் தமிழ்நாட்டில் கிடைக்கும் விலையில்லா அரிசியும் இத்தகையவே. அடுப்பில் உலை வைக்க அரிசி இருப்பவர், நாளைய கூலியைப் பேரம் பேச ஒரு நாள் பொறுக்கலாம்.

இவற்றின் செலவு யாரைச் சாரும்? மின்நிலையத்தில் கூலி உயர்ந்தால் அதன் ஒரு பகுதி மின்கட்டணத்தில் சேரக்கூடும். நலத்திட்டச் செலவு வரி செலுத்துவோரைச் சாரும். பண்ருட்டிப் பக்கத்து முந்திரி விவசாயியோ, கூலி ஏறிற்று என்பதற்காகத் தம் விளைபொருளின் விலையை ஏற்ற முடியாதவர். அவருடைய முறையீட்டையும் நாம் அலட்சியம் செய்தல் ஆகாது. உழைப்பவருக்கு நீதி செய்யும்போது, அதன் சுமையைத் தாங்கும் தோள் எது என்று பார்ப்பதும் நீதியின் பகுதியே.

மாணவ நண்பர்களே, கூலி உயர்வுச் செய்தியைப் படிக்கும்போது, உடனே வாழ்த்தவும் வேண்டா, வையவும் வேண்டா. அந்த ஊரில் வேலை கொடுப்போர் எத்தனை பேர், உயர்வு எவ்வளவு, செலவு யாரைச் சேரும் என்று கேளுங்கள். நெய்வேலியில் எரியும் நிலக்கரியால் உங்கள் மேசைமேல் விளக்கு எரிகிறதென்றால், இக்கேள்விகள் உங்களுக்கும் உரியவையே.