வீட்டுக் கொல்லையில் காய்கறி விதை ஊன்றும் முறை

கிராமங்களில் பாத்திரம் கழுவிய ஜலம் கொல்லையில் வீணாய் ஓடிக்கொண்டிருக்க, அதே வீட்டார் கத்தரிக்காயையும் வெண்டைக்காயையும் சந்தையில் காசு கொடுத்து வாங்குவதைக் காணலாம். அவர்கள் விதை போடாதவர்கள் அல்லர். ஆடி மாதத்தில் கைநிறைய அள்ளித் தெளிக்கிறார்கள். பாத்தி பச்சென்று முளைத்ததைக் கண்டு மகிழ்கிறார்கள். ஆவணி முடிவதற்குள் செடிகள் ஒன்றின் நிழலில் ஒன்றாய் நீண்டு மெலிந்து, பூவும் பிஞ்சுமின்றி நிற்கின்றன. பழி மண்ணின்மேல் விழுகிறது. குடம் குடமாய்ச் சேந்தி ஊற்றிய பெண்களின் உழைப்பை எவரும் கணக்கில் எழுதுவதில்லை.

இவ்வாறு நெருக்கி விதைப்பதற்கு விதையின்மேல் நம்பிக்கையின்மையே முக்கிய காரணமாம். பழந்துணியில் முடிந்து வைத்த சென்ற வருஷத்து விதையில் எத்தனை முளைக்கும் என்பது தெரியாதபடியால், ஒன்றுக்குப் பத்தாய்ப் போட்டுவிடுகிறார்கள். ஆகையால் இடைவெளியை அளக்குமுன் விதையைப் பரீட்சித்துக்கொள்ளுதல் அவசியம். அதற்குச் செலவொன்றுமில்லை. எண்ணி 50 விதைகளை ஈரமான சாக்குத் துண்டில் ஒன்றோடொன்று படாமல் பரப்பிச் சுருட்டி, நிழலில் வைத்து, உலராதபடி ஜலம் தெளித்து வரவேண்டும். வெண்டையின் யோக்கியதை ஒரு வாரத்தில் தெரிந்துவிடும். கத்தரிக்கும் மிளகாய்க்கும் இரண்டு வாரம் பொறுக்க வேண்டும். 50-க்கு 40 முளைத்தால் குழிக்கு 2 விதை தாராளம். பாதியே முளைத்தால் 4 விதை ஊன்ற வேண்டும். அதற்கும் குறைந்தால் அவ்விதையை நம்பி ஜலம் இறைப்பது வீண். விலைக்கு விற்கும் சான்று பெற்ற விதையில் வெண்டை 100-க்கு 65-ம், கத்தரியும் தக்காளியும் 70-ம், மிளகாய் 60-ம் குறைந்தபட்சம் முளைக்க வேண்டுமென்பது சர்க்கார் நிர்ணயம்.

இனி இடைவெளி. வெண்டைக்கு வரிசைக்கு வரிசை ஒரு முழம், அதாவது 1½ அடி. செடிக்குச் செடி ஓரடி. 10 அடி நீளமும் 4 அடி அகலமுமுள்ள பாத்தியில் மூன்று வரிசையாக 30 செடிகள் நிற்கும். "முப்பதுதானா?" என்று வீட்டார் முகம் சுளிப்பதுண்டு. ஆனால் வெயிலும் காற்றும் படும் செடி பக்கக்கிளை விட்டுக் கணுவுக்குக் கணு காய்க்கும். ஒன்றுவிட்டொரு நாள் பறிக்க வேண்டியிருக்கும். காயை முற்றவிட்டால் செடி புதுக்காய் விடுவதைக் குறைத்துக்கொள்ளும். அதே பாத்தியில் கத்தரியானால் 2 அடிக்கு 2 அடியாக 10 செடிகளுக்கே இடமுண்டு. தக்காளிக்கும் மிளகாய்க்கும் 2 அடிக்கு 1½ அடி. கொத்தவரைக்கு வரிசை ஒரு முழமும் செடிக்கிடையில் அரை அடியும் போதும். முள்ளங்கியைச் செடிக்குச் செடி 4 அங்குலம் விட்டு நிறுத்தாவிடில் இலைதான் கிடைக்கும், கிழங்கு கிடையாது.

கத்தரி, தக்காளி, மிளகாய் மூன்றையும் நாற்றுவிட்டே நடவேண்டும். தக்காளி நாற்று 25 நாளிலும், கத்தரி 30 முதல் 35 நாளிலும், மிளகாய் 40 நாளிலும் பக்குவமாகும். வெயில் தாழ்ந்தபின் மாலையில் நடுவது நலம். நாற்றங்காலைச் சுற்றிச் சாம்பல் தூவாவிட்டால் விதையில் பெரும்பங்கை எறும்பே கொண்டுபோய்விடும்.

ஆழத்தைப் பொறுத்தமட்டில், விதையின் பருமனைப்போல் இரண்டு மூன்று மடங்கு மண் மேலே இருந்தால் போதும். விரலை மண்ணில் முழுதும் அழுத்தி அக்குழியில் சிறுவிதையை இடுவது அதைப் புதைப்பதேயாகும். பாகல், புடல், பீர்க்கு ஆகிய கொடிகளுக்கு 6 அடிக்கொன்றாக, 1½ அடி சதுரமும் அதே ஆழமுமுள்ள குழி தோண்டி, மக்கிய எருவும் மேல்மண்ணும் கலந்து நிரப்ப வேண்டும். இவற்றின் விதைத்தோல் கடினமானது. ஓரிரவு ஜலத்தில் ஊறவைத்துக் குழிக்கு 5 விதை ஊன்றி, முளைத்தபின் இரண்டை மட்டும் நிறுத்துக.

முளைத்ததைப் பிடுங்குவது பாவமென்று சொல்லும் பாட்டிமார் இல்லாத வீடு அரிது. விதைப்பதைவிடக் கலைப்பதற்கே மனத்திடம் வேண்டும். இரண்டு மூன்று இலை விட்டதும், ஜலம் பாய்ச்சிய மறுநாள், குழியில் வலுத்த நாற்றை நிறுத்தி மற்றதைத் தரையோடு கிள்ளிவிட வேண்டும். வேரோடு இழுத்தால் நிற்கும் செடியின் வேரும் அசையும். வெண்டை நாற்றைப் பெயர்த்து வேறிடத்தில் நடுவதால் பிரயோஜனமில்லை. ஆணிவேர் அறுபட்டது செழிப்பது அரிது. வெற்றிடத்தில் ஒரு வாரத்துக்குள் புதுவிதை ஊன்றுவதே முறை. முளைக்கீரை ஒன்றுதான் இதற்கு விலக்கு. மணலோடு கலந்து நெருக்கமாய்த் தூவலாம். பிடுங்கியதெல்லாம் சட்டிக்குப் போகும்.

மேற்சொன்ன பாத்திக்குக் குழிக்கு இரண்டாக 60 வெண்டை விதை செல்லும். 100 கிராம் விதையில் ஏறக்குறைய 1,500 விதைகள் இருக்குமாதலால், சங்கத்தின் மூலம் வாங்கும் 100 கிராம் பொட்டலம் ஒன்று 25 வீட்டுக் கொல்லைகளுக்குக் காணும். பொட்டலம் வந்தவுடன் அங்கத்தினர் ஒருவர் வீட்டில் 50 விதையைப் பரீட்சித்து, முளைத்த எண்ணிக்கையைச் சங்கக் கட்டடத்துப் பலகையில் எழுதிவிட்டு, அதன் பிறகே பங்கிட வேண்டும். மீந்ததை ஈரம் புகாத புட்டியில் சாம்பலோடு இட்டு, வாங்கிய தேதியைச் சீட்டில் எழுதி ஒட்டிவைத்தால், அடுத்த பட்டத்தில் மறுபடி 50 எண்ணிப் பார்த்து உபயோகிக்கலாம்.