மடியில் ஒரு பயணி

மாத்தளையிலிருந்து ரத்தோட்டை வழியாக ரிவர்ஸ்டனுக்கு ஏறும் பஸ்ஸில் போனவர்களுக்கு அந்த வளைவுகள் தெரியும். மாத்தளை நகரம் கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 360 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. பாதையோ ஆயிரம் மீற்றரையும் தாண்டி மேலே போகிறது. வழியில் எங்கோ ஓரிடத்தில் காது அடைத்துக்கொள்ளும். பெரியவர்கள் எச்சிலை விழுங்கிச் சரிசெய்துகொள்வார்கள். மடியில் இருக்கும் ஆறு மாதக் குழந்தைக்கு அந்த வித்தை தெரியாது. முகம் சுளித்துச் சிணுங்கத் தொடங்கும். விமானத்தில் நடப்பதும் இதுதான், இன்னும் வேகமாக.

ஜெட் விமானம் பத்தாயிரம் மீற்றருக்கு மேல் பறந்தாலும் அதன் உள்ளே காற்றை அழுத்தி வைத்திருக்கிறார்கள். ஆனால் தரையில் உள்ள அளவுக்கு அல்ல. உள்ளிருப்பவர்கள் அதிகபட்சம் 2,400 மீற்றர் உயரமான மலையில் இருப்பதற்குச் சமம். இலங்கையின் மிக உயர்ந்த மலையான பீதுருதலாகலையின் உயரம் 2,524 மீற்றர். போயிங் 787, ஏர்பஸ் ஏ350 போன்ற புதிய விமானங்களில் இந்த அளவு 1,800 மீற்றரை ஒட்டி இருக்கும், அதாவது கிட்டத்தட்ட நுவரெலியா. கட்டுநாயக்கவில் ஏறும் குழந்தை அரை மணி நேரத்துக்குள் மலையுச்சிக்குப் போய், பிறகு அதே வேகத்தில் கடலோரத்துக்கு இறங்கி வருகிறது.

நடுக்காதையும் தொண்டையின் பின்புறத்தையும் ஒரு சிறு குழாய் இணைக்கிறது. விழுங்கும்போதும் கொட்டாவி விடும்போதும் அது திறந்து, உள்ளேயும் வெளியேயும் உள்ள அழுத்தத்தைச் சமப்படுத்தும். கைக்குழந்தைகளுக்கு இந்தக் குழாய் ஒடுக்கமாகவும் கிட்டத்தட்டக் கிடையாகவும் இருக்கும். விமானம் ஏறும்போது காதுக்குள் உள்ள காற்று தானாகவே வெளியேறிவிடும். இறங்கும்போது காற்று உள்ளே போக வேண்டும். அதற்குக் குழாய் திறந்தாக வேண்டும். வலி பெரும்பாலும் அப்போதுதான் வருகிறது. ஆகவே ஏறும்போதே பால் முழுவதையும் கொடுத்து முடித்துவிட்டு, இறங்கும்போது வெறுங்கையோடு இருப்பதுதான் பலருக்கு வரும் சிக்கல். தரையிறங்குவதற்குச் சுமார் அரை மணி நேரம் முன்பே இறக்கம் தொடங்கிவிடும். தாய்ப்பாலோ போத்தல் பாலோ சூப்பியோ, எதுவானாலும் குழந்தை விழுங்கிக்கொண்டிருக்க வேண்டும். தூக்கத்தில் குழந்தை குறைவாகவே விழுங்கும் என்பதால் அந்த நேரத்தில் மெல்ல எழுப்புவது நல்லது. அழுதாலும் குழாய் சற்றுத் திறக்கும். பக்கத்து இருக்கைக்காரர்கள் திரும்பிப் பார்க்கிறார்கள் என்று ஒரு தாய் கூசிப்போக வேண்டிய அவசியமே இல்லை.

கடும் சளியோ காதுத் தொற்றோ இருந்தால் அந்தக் குழாய் வீங்கி அடைபட்டிருக்கும். புறப்படுமுன் மருத்துவரிடம் காட்ட வேண்டும். முழு மாதத்தில் பிறந்த ஆரோக்கியமான குழந்தையைக்கூட முதல் ஒரு வாரம் விமானத்தில் கொண்டுபோகாமல் இருப்பதே பாதுகாப்பு. குறைமாதத்தில் பிறந்து நுரையீரல் பாதிக்கப்பட்ட குழந்தைகளுக்கு, அந்த உயரத்தில் குறையும் ஒட்சிசன் ஆபத்தாகலாம். இலங்கையில் சின்னமுத்து, கூவைக்கட்டு, ருபெல்லாவுக்கான எம்எம்ஆர் தடுப்பூசி 9 மாதத்தில் போடப்படுகிறது. அதற்கு முன்பே பயணம் என்றால், பகுதிக் குடும்பநல உத்தியோகத்தரிடம் முன்கூட்டியே பேசிக்கொள்ளலாம்.

ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. பிள்ளை வழியெல்லாம் தூங்கட்டும் என்று சளிப் பாணியைக் கொடுக்கும் பழக்கம் சில வீடுகளில் உண்டு. அத்தகைய பாணிகள் சிலவற்றில் சேரும் புரோமெத்தசின் என்ற மருந்து சிறு குழந்தைகளின் மூச்சையே நிறுத்தக்கூடும். இரண்டு வயதுக்குட்பட்டவர்களுக்கு அதைக் கொடுக்கக் கூடாது என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு நிர்வாகம் 2004இல் கடும் எச்சரிக்கை விடுத்தது.

இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தை மடியில் பயணிக்கலாம். சர்வதேசப் பயணங்களில் பெரும்பாலும் பெரியவர் கட்டணத்தில் பத்து வீதமும் வரிகளும்தான் அறவிடுவார்கள். திரும்பி வருமுன் இரண்டாவது பிறந்தநாள் கடந்துவிட்டால் வருகைக்குத் தனி இருக்கை எடுக்க வேண்டும். மலிவு என்பதால் மடி பாதுகாப்பானது என்று ஆகிவிடாது. 1989 ஜூலை 19 அன்று, இயந்திரம் வெடித்துக் கட்டுப்பாட்டை இழந்த யுனைட்டட் ஏர்லைன்ஸ் 232 அமெரிக்காவின் சூ சிட்டி விமான நிலையத்தில் மோதி விழுந்தது. அதில் மடிக்குழந்தைகள் நால்வர் இருந்தார்கள். அன்றைய நடைமுறைப்படி அவர்களைப் பெற்றோரின் காலடியில் தரையில் கிடத்தச் சொன்னார் தலைமைப் பணிப்பெண் ஜேன் பிரவுன். ஒரு குழந்தை உயிரிழந்தது. அதன்பின் பல ஆண்டுகளாக, ஒவ்வொரு குழந்தைக்கும் தனி இருக்கை வேண்டும் என்று அவர் போராடினார். சட்டம் இன்றும் மாறவில்லை. பலமாகக் குலுங்கும்போது எந்தத் தாயின் கையாலும் குழந்தையைப் பிடித்து வைத்திருக்க முடியாது. நீண்ட பயணத்தில் வசதியுள்ளவர்கள், விமான நிறுவனம் ஏற்கும் குழந்தை ஆசனத்தோடு தனி இருக்கை எடுப்பதே மேல். மடியில்தான் என்றால், பல நிறுவனங்கள் தரும் சிறு இணைப்புப் பட்டியைக் கேட்டு வாங்க வேண்டும். மேலதிக ஒட்சிசன் முகமூடி எல்லா வரிசைகளிலும் போதிய அளவு இருக்காது. கைக்குழந்தையோடு வருபவரை இடம் மாறி உட்காரச் சொல்வதற்கு அதுவும் ஒரு காரணம்.

நெடும்பயணம் மாத்தளைக்குப் புதிதல்ல. இங்குள்ள தோட்ட மக்களின் முன்னோர் கோப்பிக் காலத்தில் மன்னார்க் கரையிலிருந்து காட்டுவழியே தம்புள்ளையைக் கடந்து நடந்து வந்தவர்கள். பசியிலும் நோயிலும் பலர் வழியிலேயே மாண்டார்கள். தோட்ட மக்களில் ஒரு பகுதியினரை இந்தியாவுக்கு அனுப்ப இரு நாடுகளும் செய்த 1964 ஒப்பந்தத்துக்குப் பிறகு பல குடும்பங்கள் தலைமன்னாரில் கப்பலேறி இராமேஸ்வரம் போயின. இன்று பேரப்பிள்ளையைத் திருச்சி உறவுகளிடம் காட்டக் கட்டுநாயக்கவிலிருந்து ஒரு மணி நேரம் போதும்.

அதற்கு முன் கண்டிக்கு ஒருமுறை போய்வர வேண்டும். குடிவரவு குடியகல்வுத் திணைக்களத்தின் பிராந்திய அலுவலகம் அங்கே இருக்கிறது. கைக்குழந்தைக்கும் தனிக் கடவுச்சீட்டு வேண்டும். தாய், தகப்பன் இருவரின் சம்மதமும் வேண்டும். தோட்டக் குடும்பங்களில் தகப்பனின் பெயர் ஒரு பத்திரத்தில் ஒருவிதமாகவும் இன்னொன்றில் வேறுவிதமாகவும் எழுதப்பட்டிருப்பது பழைய துன்பம். பிறப்பு அத்தாட்சிப் பத்திரத்திலேயே அதைத் திருத்திவிட்டு விண்ணப்பிப்பது நல்லது. டிக்கெட் எடுத்த பிறகு திருத்த ஓடினால் நாட்கள் கைநழுவிவிடும்.

மாத்தளை மாவட்டத்துக்குள்ளேயே சீகிரியாவில் ஓர் ஓடுபாதை இருந்தாலும் அது விமானப்படைத் தளம். வெளிநாட்டுக்குப் போகப் பெரும்பாலும் கட்டுநாயக்கவே வழி. சென்னைக்குப் போகிறவர்கள் ஏ9 பாதையில் வடக்கே போய், 2019 ஒக்டோபரில் திறக்கப்பட்ட யாழ்ப்பாணம் பலாலி விமான நிலையத்திலும் ஏறலாம். கைப்பையில் திரவம் 100 மில்லிலீற்றருக்கு மேல் கூடாது என்ற விதி குழந்தையின் பாலுக்கும் கொதித்தாறிய நீருக்கும் பொதுவாகப் பொருந்தாது. சோதனையில் எடுத்துக் காட்டினால் போதும். திருச்சி, சென்னை போன்ற குறுகிய பயணங்களில் ஏறி முடிந்த சற்று நேரத்திலேயே இறக்கம் தொடங்கிவிடும். பால் போத்தலைத் தலைக்கு மேலுள்ள தட்டில் ஏற்றிவிடாமல் முன் இருக்கையின் பையில் கைக்கெட்ட வைத்துக்கொள்ள வேண்டும். பட்டியைப் போடச் சொன்ன பிறகு எழுந்து எடுக்க விடமாட்டார்கள்.