திருச்சபையில் இருபாலரையும் உள்ளடக்கும் மொழி

கிறித்தவத் திருச்சபையில் இருபாலரையும் உள்ளடக்கும் மொழி என்பது, விவிலிய மொழிபெயர்ப்பு, வழிபாடு, மறையுரை ஆகியவற்றில் ஆண், பெண் இருவரையும் ஒருங்கே சுட்டும் சொற்களைப் பயன்படுத்துவதாகும். 20ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து பல திருச்சபைகள் இதில் கருத்துச் செலுத்தி வருகின்றன.

மூலமொழி காட்டும் பொருள்

புதிய ஏற்பாடு கிரேக்க மொழியில் எழுதப்பட்டது. அம்மொழியில் 'அனேர்' என்றால் ஆண். 'ஆந்த்ரோப்போஸ்' என்றால் பொதுவாக மனிதர். 'அடெல்ஃபோய்' என்னும் சொல் 'சகோதரர்கள்' எனப் பொருள்படும் ஆண்பால் பன்மை. ஆயினும் ஆணும் பெண்ணும் கலந்த குழுவையும் அச்சொல்லாலேயே அழைப்பர். பிலிப்பியருக்கு எழுதிய கடிதத்தின் 4ஆம் அதிகாரத்தைப் பவுல் இவ்விளியுடன் தொடங்கி, அடுத்த வசனத்திலேயே எவோதியா, சிந்திக்கே என்னும் இரு பெண்களிடம் பேசுகிறார். ஆகவே இவ்விடங்களில் 'சகோதர சகோதரிகளே' என மொழிபெயர்ப்பது மூலத்துக்குப் புதிதாக எதையும் சேர்ப்பதன்று என்பது இம்முறையை ஆதரிப்போரின் வாதம். சொல்லுக்குச் சொல் பெயர்ப்பதே பாதுகாப்பானது என்பது மாற்றுக்கருத்து.

மறைக்கப்பட்ட பெண்கள்

சொல்தேர்வு பெண்களின் பொறுப்பையே மறைத்துவிடுவதுண்டு. உரோமையர் 16ஆம் அதிகாரத்தில் பெபேயாள் 'தியாக்கோனோஸ்' எனப்படுகிறார். 1611ஆம் ஆண்டின் ஆங்கில மொழிபெயர்ப்பு, இதே சொல் பவுலைக் குறிக்கும்போது 'திருப்பணியாளர்' என்றும், பெபேயாளைக் குறிக்கும்போது 'வேலையாள்' என்றும் பொருள்படும் சொற்களை இட்டது. அதே அதிகாரத்தில் வரும் யூனியாவைப் பெண்ணாகவே கொண்டு 4ஆம் நூற்றாண்டின் கிறிசோஸ்தோம் புகழ்ந்தார். 20ஆம் நூற்றாண்டின் கிரேக்கப் பதிப்புகள் சில, அழுத்தக்குறியை மாற்றி அப்பெயரை ஆண்பெயராக்கின. பின்வந்த பதிப்புகள் இதைத் திருத்தின.

தமிழில்

ஆங்கிலத்தில் ஒருவரைச் சுட்டும் இடத்தில் 'அவன்', 'அவள்' என்னும் வேறுபாட்டைத் தவிர்ப்பது கடினம். தமிழிலோ 'அவர்' என்னும் பலர்பால் சொல் மரியாதை ஒருமையாகவும் வழங்குகிறது. பழைய தமிழ் மொழிபெயர்ப்பில் 'மனுஷன்', 'ஒருவன்', 'அவன்' என்று வரும் பல இடங்களில், கத்தோலிக்கரும் சீர்திருத்தச் சபையினரும் இணைந்து உருவாக்கி 1995இல் வெளிவந்த 'திருவிவிலியம்' 'மனிதர்', 'எவரும்', 'அவர்' என்னும் சொற்களை ஆள்கிறது. பெபேயாளையும் அது 'திருத்தொண்டர்' என்றே அழைக்கிறது.

கடவுளைப் பற்றிய பேச்சு

கடவுள் 'தந்தை' எனப்படுவதால் அவர் ஆண் என்று பொருளாகாது. எசாயா 66ஆம் அதிகாரம் அவரைத் தேற்றும் தாயுடன் ஒப்பிடுகிறது. கடவுள் ஆணும் அல்லர், பெண்ணும் அல்லர் என்று கத்தோலிக்க மறைக்கல்வி ஏடும் கற்பிக்கிறது. எனினும் திருமுழுக்கு வாய்பாட்டில் 'தந்தை' என்னும் சொல்லை மாற்றப் பெரும்பாலான சபைகள் இசைவதில்லை.

சொல்லும் பொறுப்பும்

தென்னிந்தியத் திருச்சபை 1976இல் முதன்முறையாக ஒரு பெண்ணைக் குருவாக அருட்பொழிவு செய்தது. 2013இல் புஷ்பா லலிதா நந்தியால் மறைமாவட்டத்தின் பேராயரானார். கத்தோலிக்கத் திருச்சபை, குருத்துவம் ஆண்களுக்கே உரியது என்பதை 1994இல் மீண்டும் உறுதி செய்தது. 'பேராயர்', 'குருவானவர்' ஆகிய தமிழ்ச் சொற்கள் இருபாலருக்கும் பொருந்துவன. அப்பொறுப்புகள் பெண்களுக்குக் கிடைப்பதோ அந்தந்தச் சபையின் முடிவைப் பொறுத்தது.