கடைச் சுவருக்குச் சந்தனமா, இளமஞ்சளா?

ஆயுத பூஜை நெருங்கினால் கடைக்கு வெள்ளையடிக்கும் பேச்சு எழும். சுண்ணாம்பும் டிஸ்டெம்பரும் போய் எமல்ஷன் வந்தபின் நம் வணிகர்களுக்குப் புதுத் தலைவலி ஒன்று சேர்ந்தது. வண்ண அட்டையில் சந்தன நிறமும் இளமஞ்சளும் அடுத்தடுத்து நிற்கின்றன. "இரண்டும் ஒன்றுதானே!" என்று ஏதோ ஒன்றில் விரலை வைத்துவிடுகிறோம்.

மளிகைக் கடைக்கு இது சரிப்படாது. சுவரில் பட்ட வெளிச்சம் திரும்பிச் சரக்கின் மேல்தான் விழுகிறது. மஞ்சள் தூக்கலான சுவரோரம் திறந்து வைத்த பொன்னி அரிசி பழுப்பேறியது போலத் தெரியும். வாடிக்கையாளர் கையில் அள்ளிப் பார்ப்பது நிறத்தைத்தானே! துவரம்பருப்புக்கு அதே சுவர் எடுப்பாக இருக்கலாம். ஆனால் வீட்டில் பிரித்துப் பார்க்கையில் நிறம் குறைந்தால், பெயர் கெடுவது நமக்கே. (நகைக் கடைக்காரர்கள் தங்கம் மின்ன மஞ்சள் விளக்குப் போடுவது வேறு கதை.)

விளக்கை முதலில் முடிவு செய்யுங்கள். எல்.இ.டி. பெட்டியின் மேல் 3000 கெல்வின் என்றிருந்தால் மஞ்சள் ஒளி. 6500 என்றால் பால் வெள்ளை. மஞ்சள் ஒளியில் சந்தனமே இளமஞ்சளாகக் காட்டும்.

அட்டையை மட்டும் நம்ப வேண்டாம். நான்கு சுவரும் ஒன்றன்மேல் ஒன்று ஒளியை வீசுவதால், பூசிய பிறகு நிறம் அட்டையில் கண்டதைவிட அடர்ந்தே தெரியும். டிஸ்டெம்பர் காய்ந்தால் வெளுக்கும். எமல்ஷனோ காய்ந்தால் சற்றுக் கறுக்கும். ஈரத்தில் பார்த்து முடிவு சொல்லக் கூடாது. பழைய நீலச் சுவரில் திட்டாகப் பூசிப் பார்ப்பதும் ஏமாற்றும். நீலத்தின் நடுவே எந்த மஞ்சளும் கூடுதலாகத் தெரியும்.

இரண்டு நிறத்திலும் சிறு டப்பா வாங்கி, இரண்டு பெரிய வெள்ளை அட்டைகளில் இரண்டு பூச்சு அடித்துக் காயவிடுங்கள். அரிசி மூட்டைக்குப் பின்னால் ஒவ்வொன்றாக நிறுத்தி, காலையிலும் விளக்குப் போட்ட பிறகும் பாருங்கள். சுவரைப் பார்க்காதீர்கள், அரிசியைப் பாருங்கள். அரிசி வியாபாரம் மிகுந்த கடைக்குச் சந்தனமே, அதிலும் வெளிறியதே, என்பது நம் கருத்து. மூட்டை கட்டியபடியே விற்கும் மொத்தக் கிடங்குக்கு எதுவானாலும் பாதகமில்லை.

தேவையான பெயிண்டை ஒரே தடவையில், ஒரே பேட்ச் எண்ணில் வாங்குங்கள். நிற எண்ணைப் பில்லில் எழுதி வாங்கி வைத்தால், மூட்டை உரசிய இடத்துக்குப் பிறகு பூசும்போது உதவும்.